டிஸ்சார்ஜை மாற்றக் கேட்கும் மனு: அனுப்பும் முன் வாரியத்தின் கண்ணால் ஒருமுறை படியுங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்து ‘மிஸ்கான்டக்ட்’ (ஒழுங்கீனம்) என்று காரணம் போட்டு வெளியே அனுப்பப்பட்ட ஒருவர், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு காகிதக் கட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்து, “அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டு அனுப்பலாமான்னு சொல்லுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். விசாவில் இருக்கிறவர்களை மொழித் திறமைக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொள்ள 2009-ல் தொடங்கிய மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ராணுவச் சேவையால் குடியுரிமை வாங்கிய ஒருவர், மொத்தம் ஐந்து வருடம் நல்லபடியாகச் சேவை செய்து முடிப்பதற்குள் ‘அதர் தேன் ஆனரபிள்’ (மரியாதைக் குறைவான) அல்லது அதற்கும் கீழான நிலையில் வெளியேற்றப்பட்டால் அந்தக் குடியுரிமையையே ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆக, வெளியேறும்போது கொடுக்கும் சேவைச் சான்றான டிடி 214 என்கிற அந்த ஒற்றைத் தாளில் இருக்கும் இரண்டு சொற்கள் வேலை, படிப்பு, மருத்துவம் எல்லாவற்றையும் தாண்டி எங்கேயோ போய்த் தொடும்.

சரி, மனுவைப் படிப்பது எப்படி? அதில் இருக்கும் கடிதத்தை முதலில் படிக்காதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். கடிதத்தில் கண்ணீர் இருக்கும், குழந்தைகள் இருப்பார்கள், “நான் நல்லவன், ஒரே ஒரு தடவை சறுக்கிவிட்டேன்” என்று இருக்கும், படித்தவுடன் நமக்கு மனது இளகிவிடும், அதற்கு மேல் கோப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. மனுவை முடிவு செய்யும் வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், அது எந்த வாரியம் என்பதைப் பொறுத்து, ராணுவ அதிகாரிகளாகவோ ராணுவத் துறையின் சிவிலியன் அலுவலர்களாகவோ இருப்பார்கள். மனுதாரர் நல்லவரா கெட்டவரா என்பது அவர்கள் முன்னால் இருக்கிற கேள்வியே இல்லை. அவர்களுக்கு இரண்டே கேள்விகள்தான். அன்றைக்கு வெளியேற்றியது விதிப்படி நடந்ததா? விதிப்படியே நடந்திருந்தாலும் அந்த முத்திரை நியாயமானதா? முன்னதை முறை என்றும் பின்னதை நியாயம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள், இனி வருவதெல்லாம் இந்த இரண்டு கூடையில் ஒன்றில்தான் விழும். எதிலும் விழாத பக்கம் கடிதத்தில் இருந்தால், அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் வெட்டிவிடலாம்.

முதலில் டிடி 214. அதிலும் ‘மெம்பர் 4’ என்று ஓரத்தில் போட்டிருக்கும் நீளப் பிரதியைக் கேளுங்கள், ஏனென்றால் சின்னப் பிரதியில் நமக்கு வேண்டிய கட்டங்கள் இருக்காது. 24-வது கட்டத்தில் சேவையின் தன்மை இருக்கும்: ஆனரபிள், ஜெனரல், அதர் தேன் ஆனரபிள், இவை மூன்றும் நிர்வாக வழியில் தரப்படுபவை. பேட் கான்டக்ட், டிஸ்ஆனரபிள் என்ற இரண்டும் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தின் தண்டனையாகத் தரப்படுபவை. 25-ல் எந்த விதியின் கீழ் அனுப்பினார்கள் என்பது இருக்கும். தரைப்படை என்றால் ஏஆர் 635-200 என்ற விதிநூலின் 14-வது அத்தியாயம்தான் மிஸ்கான்டக்ட். அதிலும் 14-12ஏ என்றால் சில்லறைத் தவறுகள், 14-12பி என்றால் தொடர்ச்சியான தவறுகள், 14-12சி என்றால் ஒரு பெரிய குற்றம், போதைப்பொருளும் இந்தக் கடைசிப் பிரிவில்தான் வரும். 26-ல் மூன்றெழுத்துக் குறியீடு, 27-ல் மறுபடி சேர முடியுமா என்பதற்கான ஆர்இ குறியீடு, 28-ல் காரணம் வார்த்தையில், 29-ல் சொல்லாமல் கொள்ளாமல் போன நாட்கள். வேலைக்குப் போகிற இடத்தில் டிடி 214 கேட்டால் அவர்கள் கண் நேராக 28-க்குத்தான் போகும். அதனால் மனுவில் 24-ஐ மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு 28-ஐயும் அதோடு சேர்ந்த குறியீடுகளையும் விட்டுவிட்டால், நாளைக்கு ‘ஆனரபிள்’ என்ற சொல்லுக்குக் கீழேயே ‘மிஸ்கான்டக்ட், போதைப்பொருள்’ என்று இருக்கும். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்து, மனு சரியான வாசலுக்குப் போகிறதா? இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம், முன்னாள் படைவீரர்களுக்கு உதவிகள் தர 1944-ல் வந்த ஜிஐ பில் சட்டத்தோடு பிறந்தது, இதற்கு டிடி படிவம் 293. இன்னொன்று ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியம், இதற்கு டிடி படிவம் 149. முதலாவதற்கு வெளியேறிய நாளில் இருந்து 15 வருடம்தான் கெடு. 2012 மார்ச்சில் வெளியேறியவருக்கு 2027 மார்ச்சோடு கதவு மூடிவிடும், அதன் பிறகு என்ன காரணம் சொன்னாலும் திறக்காது. இரண்டாவதற்குப் பிழை தெரிந்த நாளில் இருந்து மூன்று வருடம் என்று சட்டம் சொன்னாலும், நீதிக்காக அந்தக் கெடுவைத் தள்ளிவைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, அதனால் முப்பது வருடம் ஆனவர்களும் போகலாம், ஆனால் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். பெரிய குற்றங்களை விசாரிக்கும் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் கிடைத்த தண்டனை என்றால் முதல் வாசலில் வேலையே இல்லை. அதற்கு அடுத்த நிலையான ஸ்பெஷல் கோர்ட் மார்ஷல் என்றால் அங்கே கருணை மட்டும் கேட்கலாம். மருத்துவ ஓய்வாக மாற்று, பதவியைத் திருப்பிக் கொடு என்று கேட்பதும் இரண்டாவது வாசல்தான்.

இங்கே இரண்டு வதந்திகளை ஒழித்துக்கட்டிவிடுவோம். ஆறு மாதம் சும்மா இருந்தால் டிஸ்சார்ஜ் தானாகவே ‘ஆனரபிள்’ ஆகிவிடும் என்று பாளையத்தை விட்டுக் கிளம்பும்போது யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அப்படி ஒரு விதி கிடையவே கிடையாது, கேட்காமல் எதுவும் மாறாது. அப்புறம், கேட்கப் போய் இருப்பதையும் கெடுத்துவிடுவார்களோ என்று பயந்து வருடக்கணக்கில் சும்மா இருப்பவர்கள் உண்டு. மறுஆய்வு வாரியம் இருப்பதைவிடக் கீழே இறக்க முடியாது. மிஞ்சிப்போனால் மறுப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது உண்மையான வேலை. வெளியேற்றியபோது படைப்பிரிவு தயாரித்த கோப்பு முழுவதும் கையில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது, டிடி 214-ஐ மட்டும் பத்திரமாக வைத்திருப்பார்கள். அப்படியானால் மனுவை மூடி வையுங்கள், முதலில் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் எழுதிப் பணிக்கோப்பை வாங்கச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவுகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அது பணிக்கோப்போடு வந்துவிடும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மனுதாரர் வயதானவர், 1960-க்கு முன் தரைப்படையில் இருந்து வெளியேறியவர் என்றால் இன்னொரு சிக்கல்: அந்த மையத்தில் 1973 ஜூலையில் மூண்ட தீயில் அந்தக் காலத்துத் தரைப்படைக் கோப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. அவர் வேறு வழிகளில் ஆதாரம் தேட வேண்டும்.

கோப்பு வந்ததும் பின்பக்கத்தில் இருந்து படியுங்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட தளபதியின் உத்தரவு, அதற்கு முன்னால் சட்ட ஆலோசகரின் குறிப்பு, அதற்கு முன்னால் சிப்பாயின் உரிமைகளைச் சொன்ன தாள், அதற்கும் முன்னால் முதல் அறிவிப்பு. இப்படிப் போனால் எங்கே படி தவறியிருக்கிறது என்பது சட்டென்று தெரியும். வாரியம் ஆரம்பத்தில் “அரசு அதிகாரிகள் ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள்” என்ற அனுமானத்தோடுதான் உட்காரும். அதை உடைக்கிற பொறுப்பு மனுதாரருடையது. வெறும் “எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை” என்றால், அடுத்த பக்கத்திலேயே “எனக்கு எல்லாம் விளக்கப்பட்டது” என்று அவரே போட்ட கையெழுத்து பல்லிளிக்கும்.

முறைப் பிழைகளில் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். ‘அதர் தேன் ஆனரபிள்’ தரப் போகிறார்கள் என்றாலோ, ஆறு வருடமோ அதற்கு மேலோ சேவை இருந்தாலோ, சிப்பாய் தன் தரப்பைச் சொல்ல ஒரு விசாரணைக் குழுவைக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொடுத்தார்களா, அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கு முன் வழக்கறிஞரைப் பார்க்க விட்டார்களா, தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 14-12ஏ, 14-12பி என்றால் முதலில் எச்சரித்து, திருந்த ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். எச்சரிக்கைத் தாளே இல்லாமலோ, எச்சரித்த மறுநாளே நடவடிக்கை தொடங்கியோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

போதைப்பொருள் வழக்கு என்றால் சிறுநீர்ப் பரிசோதனைத் தாளில் இருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டைக் கட்டாயம் பாருங்கள், இது பலருக்குத் தெரியாத புதையல். ‘ஐஆர்’ என்றால் குலுக்கல் முறையில் எடுத்த சாதாரணச் சோதனை, அதை வைத்து நடவடிக்கை எடுக்கலாம். ‘ஆர்ஓ’ என்றால் சிகிச்சையில் இருக்கும்போது மறுவாழ்வுக்காக எடுத்த சோதனை. சிப்பாய் தானாக முன்வந்து சிகிச்சை கேட்டபோது சொன்னதையும், இப்படிச் சிகிச்சைக்காக எடுத்த சோதனை முடிவையும் அவருக்கு எதிராக அளவோடுதான் பயன்படுத்தலாம் என்பது தரைப்படையின் விதி. அந்தத் தாளைப் படைப்பிரிவு வெளியேற்றக் கோப்புக்குள் நுழைத்துவிட்டால் தர வேண்டியது ‘ஆனரபிள்’ மட்டும்தான். ஒரே ஒரு தாள்! மனுதாரர் பத்துப் பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பார், கோப்பின் நடுவில் அந்த ‘ஆர்ஓ’ சும்மா கிடக்கும்.

இனி நியாயம் என்கிற கூடை. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பிடிஎஸ்டி என்ற மன உளைச்சல் நோய் மனநலக் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். அதற்கு முன் வியட்நாமில் இருந்து திரும்பித் தடுமாறியவர்களின் கோப்பில் அந்தச் சொல்லே இருக்காது. அவர்களுக்காக 2014 செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் ஓர் உத்தரவு போட்டார். 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையில் இருந்து வந்த கர்ட்டா மெமோ என்ற சுற்றறிக்கை அதைத் தெளிவாக்கி, பிடிஎஸ்டி, தலைக்காயம், மற்ற மனநோய்கள், ராணுவத்தில் நடந்த பாலியல் வன்முறை ஆகியவை சம்பந்தப்பட்ட மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லி நான்கு கேள்விகளைக் கொடுத்தது. தவறுக்குச் சாக்காகவோ அதன் கனத்தைக் குறைப்பதாகவோ இருக்கக்கூடிய நோயோ அனுபவமோ இவருக்கு இருந்ததா? அது சேவைக் காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே இந்தத் தவறை விளக்குகிறதா? கடைசியாக, தராசில் வைத்தால் எது கனம்?

கற்பனையாக ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்வோம். 2008-ல் பத்தொன்பது வயதில் சேர்ந்தார், 2010-ல் ஓராண்டு ஆப்கானிஸ்தான், சாலையோரக் குண்டில் அவர் போன வண்டி தூக்கி எறியப்பட்டது. அதுவரை கோப்பு சுத்தம், ஒரு பாராட்டுப் பதக்கம்கூட உண்டு. திரும்பி வந்த ஐந்தாம் மாதம் கஞ்சாச் சோதனையில் மாட்டுகிறார், அடுத்த மாதம் ஒன்பது நாள் காணாமல் போகிறார், 2012 மார்ச்சில் 14-12சி, ‘அதர் தேன் ஆனரபிள்’. அவருடைய கடிதத்தில் “போரால் நான் மாறிப்போனேன்” என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வாரியம் என்ன செய்யும்?

முதல் கேள்விக்கு மருத்துவர் சீட்டு இருந்தால் நல்லது, முன்னாள் படைவீரர் துறையான விஏ, நோய்க்கும் சேவைக்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, அது வாரியத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் வலுவான ஆதாரம். ஆனால் எதுவுமே இல்லாவிட்டாலும் மனுதாரரின் சொல் மட்டுமே போதுமானதாக இருக்கலாம் என்று கர்ட்டா மெமோ வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்குத் தேதிகளை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: குண்டு வெடித்த நாள், திரும்பிய நாள், தூக்கம் போனது, மனைவியோடு சண்டை, சோதனை, காணாமல் போனது. போவதற்கு முன் நல்ல மதிப்பீடு, வந்த பின் சரிவு என்பதே ஓர் ஆதாரம். அறையில் கூட இருந்த நண்பர், அம்மா, மனைவி, கோயிலிலோ சர்ச்சிலோ பேசிய பெரியவர், இவர்களில் இரண்டு பேர் தங்கள் கண்ணால் கண்டதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், “இவர் தங்கமானவர்” என்று பத்துப் பேர் கொடுக்கும் சான்றிதழைவிட அது எடுபடும்.

மூன்றாவது கேள்வியில்தான் மனுக்கள் முட்டிக்கொள்கின்றன. தூங்க முடியாமல் கஞ்சாவைத் தொட்டார், படைமுகாமின் சத்தத்தைத் தாங்க முடியாமல் ஓடிப் போனார் என்றால், நோய்க்கும் தவறுக்கும் இடையே பாலம் இருக்கிறது, இதை வாரிய மருத்துவர் எளிதாகப் புரிந்துகொள்வார். அதே ஆள் பக்கத்து அறைக்காரரின் லேப்டாப்பைத் திருடி அடகு வைத்திருந்தால்? திட்டமிட்டுச் செய்த தவறுக்கு நோயைச் சாக்காகக் காட்டுவது கடினம் என்று அதே மெமோ எச்சரிக்கிறது. கோப்பில் இரண்டும் கலந்து இருந்தால் ஒவ்வொரு தவறுக்கும் தனித்தனியாகப் பாலம் கட்டச் சொல்லுங்கள், கட்ட முடியாததை ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே போர்வையால் மூடப் பார்த்தால் மூடியது எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இவர் விஷயத்தில் முறைக் கூடையிலும் ஒன்று விழலாம், கவனித்தீர்களா? போர்முனையில் இருந்து வந்து இருபத்து நான்கு மாதத்துக்குள், பிடிஎஸ்டி அல்லது தலைக்காயம் இருப்பதாகக் கண்டறியப்பட்டவரையோ நியாயமாகச் சொல்லிக்கொண்டவரையோ இப்படி வெளியேற்றும் முன் மருத்துவப் பரிசோதனை செய்து, அந்த நோய்க்கும் தவறுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கோப்பில் அந்தப் பரிசோதனை இல்லை, ஆனால் அவர் தலைவலி, தூக்கமின்மை என்று மருத்துவப் பிரிவுக்குப் போன சீட்டு இருக்கிறது என்றால், அந்தச் சீட்டைக் கடிதத்தின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நோய் எதுவும் இல்லாத மனுக்களும் உண்டு. அவற்றுக்கு அதே துறையில் இருந்து 2018 ஜூலையில் வந்த வில்கி மெமோவைப் படியுங்கள். தேவையான அளவுக்கு மட்டும் தண்டிப்பது, திருந்தியவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பது ராணுவ மரபுதான் என்று அதில் இருக்கிறது. திருந்தியதைக் காட்டப் பெரிய பட்டம், பெரிய பதவி எல்லாம் வாங்கியிருக்கத் தேவையில்லை, குணமும் மறுவாழ்வும்தான் முக்கியம் என்றும் இருக்கிறது. இன்றைக்கு அதே தவறைச் செய்தால் இதே முத்திரை கிடைக்குமா என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது, கஞ்சாவையே உதாரணமாகச் சொல்கிறது: ராணுவத்தில் இன்றும் தடைதான், ஆனாலும் பல வருடங்களுக்கு முன் பார்த்த கடுமையோடு இன்று பார்க்க வேண்டியதில்லை. ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக மட்டுமே வெளியேற்றப்பட்டவர்களின் மனு தனி ரகம், அந்தக் கொள்கை 2011 செப்டம்பரில் ஒழிந்துவிட்டது, கோப்பில் வேறு குற்றம் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கடிதம். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, மேலதிகாரியைத் திட்டும் வரிகளை முதலில் அடியுங்கள். அந்த சார்ஜென்ட் உண்மையிலேயே மோசமானவராக இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு தாள் ஆதாரம் இல்லை என்றால் அந்தப் பத்தி மனுதாரரைத்தான் சின்னதாக்கும். என்ன செய்தார் என்பது முதல் பத்தியிலேயே நேராக வரட்டும், கோப்பில் இருக்கிற அதே தேதி, அதே எண்ணிக்கையோடு. கோப்பில் மூன்று தடவை என்று இருக்க, கடிதத்தில் ஒரு தடவை என்று எழுதியிருந்தால் மற்றதெல்லாம் பொய்யாகவே படிக்கப்படும். பிறகு காரணம், பிறகு வெளியே வந்து வாழ்ந்த வாழ்க்கை, பிறகு எந்தெந்தக் கட்டங்களை என்னவாக மாற்ற வேண்டும் என்ற வேண்டுகோள். சொல்லும் ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் ‘இணைப்பு 4, பக்கம் 2’ என்று இருக்கட்டும். வாரியத்தில் உள்ளவர் தேடிக் கண்டுபிடிப்பார் என்று நம்ப வேண்டாம், அன்றைக்கு அவர் மேசையில் இது ஒன்று மட்டுமா இருக்கும்? மூன்று பக்கத்துக்கு மேல் போனால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யச் சொல்வதா, நேரில் பேசக் கேட்பதா என்பதும் படிவத்திலேயே நிரப்ப வேண்டியது. கெடுவுக்குள் நாள் நிறைய இருந்தால் முதலில் காகித வழி, மறுத்தால் பிறகு விசாரணை என்று போகலாம், ஆனால் முதலிலேயே விசாரணைக்குப் போய்விட்டால் திரும்பிக் காகித வழிக்கு வர முடியாது. ஆக, நேரே விசாரணைக்குப் போகிறவர் ஒரு வாய்ப்பைக் கையை விடுகிறார். 15 வருடம் முடிய ஆறேழு மாதம்தான் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், விசாரணையையே கேட்கச் சொல்லுங்கள், காகித முடிவு வரும் முன் கெடு ஓடிவிடும். பேசினால் நன்றாகப் பேசுவார் ஆனால் எழுத வராது என்பவருக்கும் விசாரணைதான் நல்லது.

சிக்கலான கோப்பு என்றால் நீங்களே மல்லுக்கட்டாதீர்கள். டிஏவி, அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளிலும், சில சட்டக் கல்லூரிகளின் இலவச மையங்களிலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குடியுரிமை விஷயமும் சேர்ந்திருந்தால் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரைப் பார்க்காமல் தபாலில் போடவே விடாதீர்கள். விஏ உதவிகள் மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: டிஸ்சார்ஜ் மாறாவிட்டாலும், விஏவிடம் விண்ணப்பித்தால் சேவையின் தன்மையை அது தனியாக ஆராய்ந்து தகுதி உண்டா என்று முடிவு செய்யும். அந்த விண்ணப்பத்தை இந்த மனுவோடு ஒரே நேரத்தில் போடலாம், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் படிப்பு உதவிக்கு ‘ஜெனரல்’ போதாது, ‘ஆனரபிள்’ வேண்டும், அதனால் படிப்புதான் நோக்கம் என்றால் வேண்டுகோளில் ‘ஜெனரல்’ என்று தயங்கிக் கேட்டிருக்கிறாரா என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் முழுக் கட்டையும் நகலெடுத்து வைக்கட்டும், வீடு மாறினால் வாரியத்துக்குச் சொல்லட்டும், பதில் வர மாதக் கணக்கில் ஆகும், ஒரு வருடத்தையும் தாண்டலாம். மறுத்துவிட்டால் மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் ஆதாரம் போதவில்லை என்பது அதில் இருக்கும், திருத்தும் வாரியத்துக்குப் போடும் அடுத்த மனுவை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் புதிய டிடி 214 வரும், அதன் நகலை விஏவுக்கும் வேலை கொடுத்தவருக்கும் அவரே அனுப்ப வேண்டும், யாரும் அவருக்காக அனுப்ப மாட்டார்கள். வந்த தாளில் 24 முதல் 28 வரை எல்லாம் கேட்டபடி மாறியிருக்கிறதா என்று அன்றைக்கே உங்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.